நோட்டீஸ் போர்டு ஏறிய வசவு

எங்க பஸ் ஷெட்டுல நோட்டீஸ் போர்டை யாரும் சீந்த மாட்டாங்க. லீவு லிஸ்ட்டு வந்தா மட்டும் ஈ மாதிரி மொய்ப்பாங்க. அன்னிக்குக் காலையில லீவு லிஸ்ட்டு எதுவும் இல்ல, ஆனா பத்துப் பேர் நின்னு எழுத்துக்கூட்டிப் படிச்சிட்டிருந்தாங்க. நான் கிட்டப் போனதும் பத்துப் பேரும் ஆளுக்கொரு பக்கமா நழுவினாங்க. நம்ம தலைதான் உருளுதுன்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு.

டைம் ஆபீஸ்ல வருகைப் பதிவு பார்க்கிறவர் எழுதின நோட்டீஸ் அது. தமிழ்ல பெரிய படிப்பு படிச்சவர், அதனால அவருக்குப் பேரு புலவர். எழுத்து மட்டும் முத்து முத்தா இருந்துச்சு.

"பணியாளர் கவனத்திற்கு. நம் பணிமனையில் பலரும் வசவாகப் பயன்படுத்தும் 'கம்மனாட்டி' என்ற சொல், 'கைம்பெண்டாட்டி' என்பதன் திரிபாகும். கணவனை இழந்தவள் என்பதே அதன் பொருள். நம்மோடு பணியாற்றும் ஒரு சகோதரியின் மனம் புண்படும் என்பதால் இனி எவரும் இதனை உச்சரிக்க வேண்டாம்."

ஒரு சகோதரியாம்! ஷெட்டுல அறுபது ஆம்பளைங்க, நாலு பொம்பளைங்க. மத்த மூணு பேரோட புருஷனும் கல்லுக்குண்டாட்டம் இருக்காங்க. இதுக்கு என் போட்டோவையே ஒட்டியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் இதே ஷெட்டுல ஃபிட்டர். பஸ்ஸுக்கு அடியில இருக்கிற குழிதான் அவருக்கு ஆபீஸ். நான் பன்னெண்டு வருஷம் எதிர்ல ஸ்டோர் ஜன்னல்ல உக்காந்து ஸ்பேனரும் சாமானும் எடுத்துக் குடுத்துட்டிருந்தேன். அஞ்சு மாசத்துக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கிழமை செருப்பு மாட்டக் குனிஞ்சவர் அப்படியே சாஞ்சுட்டார். அதுக்கப்புறம் ஜன்னல்ல உக்காந்து அந்தக் குழியையே பார்த்துட்டிருக்க என்னால முடியல. எங்கிட்ட ஃபிட்டர் சர்ட்டிபிகேட் இருந்துச்சு, சாயங்கால வகுப்புக்குப் போய் வாங்கினது, பீரோவுல தூங்கிட்டிருந்துச்சு. அதை எடுத்துட்டுப் போய் மேனேஜர் முன்னாடி வெச்சேன். மூணு மாசம் பார்ப்போம், ஃபோர்மேன் சரின்னு கையெழுத்துப் போட்டா அந்த இடம் உனக்கு, இல்லேன்னா மறுபடியும் ஜன்னல்னு சொல்லிட்டார். அந்த மூணு மாசம் வர்ற சனிக்கிழமையோட முடியுது. நோட்டீஸ் ஒட்டினது திங்கக்கிழமை. புலவருக்கு நேரம் காலம் பார்க்கத் தெரியுதா பாருங்க.

நேரா டைம் ஆபீஸ் போனேன்.

"யார் சார் உங்களைக் கேட்டா?"

"மனசு கேட்கலம்மா. அர்த்தம் தெரியாம பேசறாங்க. உங்க காதுல விழும்போதெல்லாம் எனக்குக் கூசுது."

"எனக்கே இப்பத்தான் சார் அர்த்தம் தெரியும். நேத்து வரைக்கும் அது போல்ட்டைத் திட்டற வார்த்தை. இன்னிலேர்ந்து அது நான்."

அவர் அதைக் காதுல வாங்கினாத்தானே. பாடம் எடுக்க ஆள் கிடைச்ச சந்தோஷத்துல நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டார். "விதவைங்கறது வடமொழிச் சொல். 'வி'ன்னா இல்லாத, 'தவ'ன்னா புருஷன், ஆகப் புருஷன் இல்லாதவள்னு ரொம்ப நாளா பிரிச்சுச் சொல்லிட்டிருந்தாங்க. ஆராய்ச்சிக்காரங்க அதை ஒத்துக்கறதில்ல. பிரிஞ்சு நிக்கறது, வெறுமையா இருக்கறது, அதுதான் வேர். முழுச் சொல்தான் முதல்ல இருந்துது. புருஷன்கற அர்த்தத்துல 'தவ'வை அதுலேர்ந்து பின்னாடிதான் வெட்டி எடுத்தாங்க."

"அப்போ பொண்டாட்டி தனியா நின்ன பிறகுதான் புருஷனுக்கே பேரு வெச்சாங்களா?"

"அப்படியும் சொல்லலாம்."

"நல்லா இருக்கு. சரி, பொண்டாட்டி செத்தவனுக்கு என்ன பேரு?"

கொஞ்சம் யோசிச்சார். "தபுதாரன்னு ஒரு சொல் இருக்கு."

"அதைச் சொல்லி யாராவது, எந்த போல்ட்டையாவது திட்டியிருக்காங்களா?"

"இல்ல... வழக்கத்துல இல்ல."

"அதுக்கு ஒரு நோட்டீஸ் எழுதுங்க சார்"னு சொல்லிட்டு வந்துட்டேன். அவர் நல்லவர்தான், அதுல சந்தேகமில்ல. நல்லவங்க பண்ற அழிச்சாட்டியத்தைத்தான் தாங்க முடியறதில்ல. கெட்டவன்னா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டு நிம்மதியா இருக்கலாம்.

நோட்டீஸுக்கு முன்னாடி வரைக்கும் குழியில எனக்கு ஒரு குறையும் இல்ல. எனக்கு அங்க பேரு 'ஸ்டோரு'. "ஏய் ஸ்டோரு, கண்ணு என்ன முதுகுலயா இருக்கு?"ன்னு ஃபோர்மேன் கத்துவார். "கண்ணு இங்கதான் இருக்குண்ணே, வெளிச்சம்தான் உங்க தொப்பைக்கு அந்தப் பக்கம் இருக்கு"ம்பேன். வெளியில பார்க்கிறவங்க எல்லாம் எங்கிட்ட ஆஸ்பத்திரியில பேசற மாதிரி குரலைத் தாழ்த்திப் பேசுவாங்க. என் கூடப் பொறந்த அண்ணன்கூட போன்ல "சாப்பிட்டியா"ன்னு கேட்கறதுக்குள்ள மூணு தடவை தொண்டையைச் செருமுவான். குழிக்குள்ள மட்டும்தான் நான் சாதாரண மனுஷியா திட்டு வாங்கிட்டிருந்தேன். அதுலயும் மண்ணை அள்ளிப் போட்டாச்சு.

செவ்வாய்க்கிழமை குழிக்குள்ள இறங்கறேன், துக்க வீடு மாதிரி இருக்கு. என் கூட வேலை பார்க்கிற குண்டு ஃபிட்டர், தொப்பைன்னு கூப்பிடுவோம், துருப்பிடிச்ச ஒரு போல்ட்டோட மல்லுக்கட்டிட்டிருந்தான். பழக்கதோஷத்துல "கம்..."னு ஆரம்பிச்சவன் என்னைப் பார்த்ததும் வாயை இழுத்து மூடிட்டு, "இந்த... இந்த மரியாதை கெட்ட போல்ட்டு"ன்னான். நான் சிரிச்சேன். ஒருத்தனும் கூடச் சிரிக்கல. வெல்டர் எழுந்து எனக்கு ஸ்டூல் போட்டான். ஸ்டூல்! குழிக்குள்ள ஸ்டூல்ல உக்காந்துட்டு நான் என்ன, கச்சேரியா கேட்கப் போறேன்? ஃபோர்மேன் "மேடம், அந்த பதினேழாம் நம்பர் ஸ்பேனரைக் கொஞ்சம் எடுத்துத் தர முடியுமா?"ன்னு கேட்டார். பன்னெண்டு வருஷமா அந்த வாய் 'முடியுமா'ன்னு கேட்டு நான் கேள்விப்பட்டதே இல்ல.

புதன், வியாழன் இதே கூத்து. நான் வந்தா பேச்சு நிக்கும், போனா ஓடும். ஒரு ஜாக்கி தொப்பையோட கால்ல விழுந்துச்சு. அவன் உதட்டைக் கடிச்சிட்டு, கண்ணுல தண்ணி வழிய, "ஐயோ... கடவுளே"ன்னு மெதுவாச் சொன்னான். பாவம், வசவைக்கூட வாய்விட்டுச் சொல்ல முடியாம வலியை முழுங்கினான். எனக்கு அவன் மேல பரிதாபம், அதைவிட எரிச்சல். "திட்டித் தொலைடா!"ன்னு கத்தினேன். "வேணாம் மேடம், பரவால்ல மேடம்"ங்கறான். தலையில அடிச்சிக்கிட்டேன்.

வெள்ளிக்கிழமை கியர் பாக்ஸ் ஏத்தற வேலை. கையெழுத்துப் போடறதுக்கு அதுதான் எனக்குப் பரீட்சைன்னு ஃபோர்மேன் முன்னாடியே சொல்லி வெச்சிருந்தார். கியர் பாக்ஸை ஜாக்கியில வெச்சு மேல தூக்கி, அதோட ஷாஃப்ட்டை கிளட்ச்சுக்குள்ள நேராக் கொண்டு போகணும். பல்லோடு பல் சேர்ற வரைக்கும் அசையாது. சேர்ந்துச்சோ, ஒரே இழுப்புல போய் இன்ஜினோட ஒட்டிக்கும். அந்த நேரத்துல நடுவுல விரல் இருந்தா விரலை மறந்துட வேண்டியதுதான். தொப்பை பின்னாடியிலேர்ந்து தள்ளினான். நான் விளிம்புல கையை வெச்சு இடைவெளி பார்த்துட்டிருந்தேன். ஷாஃப்ட் எங்க இருக்குன்னு என் கண்ணுக்குத் தெரியாது. பக்கத்துல நின்ன ஃபோர்மேனுக்குத்தான் தெரியும், அவர்தான் குரல் குடுக்கணும்.

அவர் வாயைத் திறந்தார். அதை நான் பார்த்தேன். சத்தம்தான் வரல.

டக்குனு கியர் பாக்ஸ் உள்ள போச்சு. கையை உருவினேன், ஆனா கிளவுஸ் நுனி மாட்டிக்கிச்சு. நடுவிரல் நகம் நீலமாயிடுச்சு. ஒரு நூல் தப்பியிருந்தா விரலே போயிருக்கும்.

பாக்ஸைப் பின்னாடி இழுத்து என்னை வெளியில எடுத்தாங்க. ஃபோர்மேன் முகம் வெளுத்துப்போச்சு. "மேடம், நீங்க ஸ்டோருக்கே போயிடுங்க. இது உங்களுக்கு வேணாம். நான் கையெழுத்துப் போட மாட்டேன், என் மனசு கேட்காது"ன்னார்.

இந்த ஷெட்டுல யாரு மனசும் ஏன்தான் எதையும் கேட்க மாட்டேங்குதோ தெரியல.

"அண்ணே, அந்த இடத்துல தொப்பை கை இருந்திருந்தா என்ன சொல்லிக் கத்தியிருப்பீங்க?"

தரையைப் பார்த்தார். "அதைத்தான்."

"எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்?"

"கண்ணு மூடித் திறக்கற நேரம்."

"என்னைக் கூப்பிட ஏன் வாய் வரல?"

"மேடம்கறதா, அம்மாங்கறதா, தங்கச்சிங்கறதான்னு யோசிச்சேம்மா."

"நீங்க யோசிச்சு முடிக்கறதுக்குள்ள என் விரல் கீழ விழுந்து கிடக்கும். அதை எடுத்துக் குடுக்கும்போது என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க?"

நான் துணியைக் கிழிச்சு விரல்ல சுத்தினேன். "இன்னொரு தடவை ஏத்தலாம். இப்பவும் நான் சொதப்பினா நானே போய் ஜன்னல்ல உக்காந்துக்கறேன்"னேன். ஃபோர்மேன் தலையைச் சொறிஞ்சார், பெருமூச்சு விட்டார், கடைசியில ஜாக்கியைப் பிடிச்சார்.

மறுபடியும் தூக்கினோம். தொப்பை தள்ளறான், நான் விளிம்பைத் தடவறேன். பாக்ஸ் கொஞ்சம் இடது பக்கம் சாஞ்சிருந்துச்சு. நிமிர்த்தினேன். பல்லு தேடுது, தேடுது, நகர மாட்டேங்குது. மறுபடி ஒரு இம்மி நிமிர்த்தினேன்.

"கையை எடுடி, கம்மனாட்டி!"

ஷெட்டே அதிர்ந்துச்சு. எடுத்தேன். கியர் பாக்ஸ் 'ணங்'குன்னு போய் இன்ஜினோட உக்காந்துச்சு, முடி அளவு இடைவெளி இல்லாம.

ஃபோர்மேன் ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கறார், ஏதோ பாத்திரத்தைப் போட்டு உடைச்ச பிள்ளை மாதிரி. டைம் ஆபீஸ்லேர்ந்து புலவர் ஓடி வந்து குழி ஓரத்துல நின்னு, "நோட்டீஸ் போட்டும் இப்படியா? ஒரு வாரம்கூட ஆகலையே!"ன்னு மூச்சு வாங்கறார். எனக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. துடைக்கத் துடைக்க வருது, கை கிரீஸு முகமெல்லாம் அப்பிக்கிச்சு.

"மன்னிச்சிரும்மா, வாய் தவறிடுச்சு"ன்னு ஃபோர்மேன் தழுதழுத்தார்.

"அதுக்கா அழறேன்? நீங்க வேற!" எனக்கு எல்லார் மேலயும் கோபம். போய்ச் சேர்ந்த மனுஷன் மேலயும் கோபம். "பன்னெண்டு வருஷம் இந்தக் குழிக்குள்ள இருந்துதான் என்னைக் கூப்பிட்டார், 'ஸ்பேனர் எங்கடி கம்மனாட்டி'ன்னு. சிரிச்சுக்கிட்டே கூப்பிடுவார். அர்த்தம் அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அப்ப நான் அது இல்ல. கூப்பிட்டுக் கூப்பிட்டே ஆக்கிட்டுப் போயிட்டார். இப்ப நிஜமாவே அதுதான் நான், ஆனா கூப்பிட ஒரு நாதி இல்ல. நீங்க எல்லாம் மேடம், மேடம்னு..."

புலவர் ஏதோ சொல்லப் பார்த்தார். "சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க"ன்னேன். இருந்தார்.

ஃபோர்மேன் சட்டைக் கையில மூக்கைத் துடைச்சார். கியர் பாக்ஸைச் சுத்தி வந்து விளிம்பை விரலால தடவிப் பார்த்தார். அப்புறம் என் பக்கம் திரும்பினார். பழைய குரல்.

"ஏய் ஸ்டோரு! பாக்ஸ் ஏறிடுச்சுன்னு உக்காந்து அழுதுட்டிருக்கே. இன்னும் எட்டு போல்ட்டு இருக்கு, அதை யாரு முடுக்குவா? உன் புருஷனா வந்து முடுக்குவான்?"

தொப்பை "அண்ணே"ன்னு அவர் கையைப் பிடிச்சான்.

"வர மாட்டான்"னேன். அஞ்சு மாசத்துல அதை வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. "நான்தான் முடுக்கணும்."

ஸ்பேனரை எடுத்தேன்.