ஆறு யூனிட் செம்மண்

என் வீட்டுப் பின்வாசலில் ஆறு யூனிட் செம்மண் வந்து இறங்கியது. நான் சொன்னது நாலரை. நடுவில் என்ன நடந்தது என்று விசாரிக்கப் போய், இருந்த தெளிவும் போயிற்று.

பள்ளிபாளையத்தில் பதினாறு விசைத்தறி ஓட்டுகிறவன் நான். பெயர் குமரகுரு. துணியைத் தொட்டுப் பார்த்தே நூல் என்ன நம்பர் என்று சொல்லிவிடுவேன். மண்ணோடு எனக்கிருந்த பழக்கம் அது செருப்பில் ஒட்டும் என்ற அளவோடு சரி.

எல்லாம் ஜோதிக்காகத்தான். போன ஆடியில் சங்ககிரி ரோட்டில் ஸ்கூட்டர் சறுக்கி என் மனைவிக்கு இடது தொடை எலும்பு முறிந்தது. கம்பி வைத்துச் சேர்த்தார்கள். இப்போது வாக்கர் பிடித்து வீட்டுக்குள் நடக்கிறாள். பின்வாசல்வரை வருவாள், நின்றுவிடுவாள். வாசற்படிக்கு அடுத்து முற்றத்துக்கு ஒரே ஓர் இறக்கம், அதைத் தாண்டினால் துணிக்கொடி. எட்டு மாதமாக அவள் சேலைகளை நான்தான் காயப்போடுகிறேன், கோணல்மாணலாக. அவள் வாசலில் நின்று அதைப் பார்ப்பாள். ஒன்றும் சொல்ல மாட்டாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

சிமெண்டில் சரிவு கட்டிப் பார்த்தோம். முதல் நாளே வாக்கர் வழுக்கியது. நான் பிடித்துக்கொண்டேன், விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து சரிவைக் கண்டாலே அவள் வாக்கரைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். எனக்கு வந்த கோபத்தில் சம்மட்டியை எடுத்து அதை இடித்துப்போட்டேன்.

"முத்தத்தையே படி ஒசரத்துக்குத் தூக்கிப்போடறேன். மேல புல்லு வெச்சுடறேன். நீயே போயி நீயே காயப்போடு" என்றேன். வாய்க்கு என்ன, வந்துவிட்டது. அதற்கு எவ்வளவு மண் வேண்டும் என்பது யாருக்குத் தெரியும்?

ஜோதி வாசற்படியில் உட்கார்ந்து டேப்பைத் தொங்கவிட்டு இறக்கத்தை அளந்தாள். "எட்டு அங்குலமுங்க" என்றாள். நான் முற்றத்தை அளந்தேன். நீளம் முப்பது அடி, அகலம் இருபது. அதுவரை சுகமாக இருந்தது.

செல்போனில் பார்த்தேன். ஒருவர் மூட்டைக் கணக்குச் சொன்னார், இன்னொருவர் கன மீட்டர் என்றார். எதிர்வீட்டு டிராக்டர்காரரைக் கேட்டால் "லோடு" என்றார், எத்தனை அடி பிடிக்கும் என்று கேட்டால் "டிரெய்லர் நிறையப் பிடிக்குமுங்க" என்றார். காலண்டர் தாளைக் கிழித்து நானே பெருக்க உட்கார்ந்தேன். நாலு தடவை போட்டேன், நாலு விடை வந்தது. ஒரு விடையின்படி மண்ணைக் கொட்டினால் எங்கள் வீதியே மூடிப்போகும். அங்குலத்தை அடியாக மாற்ற மறந்திருந்தேன். ஐந்தாவது தடவைதான் நானூறு கன அடி வந்தது. நூறு கன அடி ஒரு யூனிட். ஆக நாலு யூனிட்.

அதோடு அரை யூனிட் கூட்டினேன். இது தறிக்காரன் புத்தி. நூறு மீட்டர் துணி வேண்டும் என்றால் நெடுக்கே போகும் பாவு நூலை நூற்றைந்து மீட்டருக்கு மேல் ஓட்டவேண்டும், நெய்தால் சுருங்கும். மண்ணும் தண்ணீர் பட்டால் அமுங்கும் அல்லவா? நாலரை என்று ஜோதியின் தம்பி ஜீவானந்தத்திடம் சொன்னேன். டிப்பர் வைத்திருக்கும் வேல்முருகன் அவனுக்குச் சிநேகிதன்.

இரண்டு நடை மண் கொட்டியதும் வேல்முருகனுக்குப் போன் போட்டேன். "ஏப்பா, ஆறு எதுக்குப்பா?"

"ஜீவா அஞ்சுன்னானுங்க. என்ர வண்டி மூணு யூனிட்டுங்க. ரெண்டாவது நடைய அரகொறையா எப்பிடிங்க கொண்டாறது? அமுங்கிப் போயிருமுங்க" என்றான்.

ஜீவாவைக் கூப்பிட்டேன்.

"நாலரை பத்தாதுங்க மாமா. தண்ணி உட்டா எறங்குமில்ல? சுருக்கத்துக்கு ஒரு அரை சேத்திச் சொன்னேன்."

"நான்தான் ஏற்கெனவே சேத்தி உட்டனேடா!"

"அத நீங்க சொல்லோணுமில்ல?"

நான் சொல்லவில்லைதான். எங்கள் தொழிலில் யாரும் சொல்வதில்லை. பாவு அளவு நாலு கை மாறினால் நாலு கையும் கொஞ்சம் கூட்டும், முந்தின கை கூட்டியதா என்று ஒருவரும் கேட்பதில்லை. துணியில் அது மீட்டர் கணக்கில் போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. மண்ணில் அது வாசலை மறித்து நிற்கிறது.

ஆள் விட்டு நிரவினேன். அறுநூறு சதுர அடி இடத்தில் அறுநூறு கன அடி மண், ஓரடி உயரம். மூன்று நாள் தண்ணீர் விட்டு, காயவைத்து, திமிசுக்கட்டையால் இடித்தோம். ஒரு கம்பியைக் குத்திப் பார்த்தேன். ஓரடி மண் ஒன்பது அங்குலமாக அமுங்கியிருந்தது. எட்டு அங்குலப் பள்ளத்தில் ஒன்பது அங்குல மண். ஓர் அங்குலம்தானே கூடுதல், சீவிவிடலாம் என்று தெம்பாக வாசற்படியில் டேப்பை வைத்தேன்.

படியைவிட மண் மூன்று அங்குலம் உயரமாக இருந்தது.

எனக்குப் புரியவில்லை. மறுபடி குத்தினேன், ஒன்பது. மறுபடி அளந்தேன், மூன்று. டேப்பை மாற்றினேன். இடத்தை மாற்றிக் குத்தினேன். மண் வளருமா? வீடு இறங்குமா? தலையைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டேன். வெகுநேரம் கழித்துத்தான் உறைத்தது. ஒன்பதில் மூன்று போனால் ஆறு. இறக்கமே ஆறு அங்குலம்தான்.

"ஜோதி, நீ அளந்தது எத்தனை?"

அவள் என்னைப் பார்க்கவில்லை. வாக்கரின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, "ஆறுதானுங்க. நான்தான் ரெண்டு சேத்திச் சொன்னேன்" என்றாள்.

"ஏம்புள்ள?"

"மழ பேஞ்சு அமுங்கி ஒரு அங்குலம் பள்ளம் நின்னாலும் எனக்கு அது கெணறுங்க. நீங்க வேல முடிஞ்சுதுன்னு தறிக்குப் போயிருவீங்க. நான் மறுக்காவும் இந்த வாசப்படியிலயே நின்னுட்டிருப்பேன். எத்தன தடவைதான் உங்களக் கேக்கறது?"

ஜீவாவுக்கும் வேல்முருகனுக்கும் சேர்த்துவைத்திருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே வடிந்துவிட்டது. எனக்கு வெட்கமாக இருந்தது. எட்டு மாதம் அவள் கேட்காமல் இருந்ததை, அவளுக்கு ஒன்றும் வேண்டாம் என்று நான் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"நாளைக்கு ஆள வரச் சொல்லி எடுத்துப்போடறேன்" என்றேன்.

அவள் படியோரம் வந்தாள். மேட்டையே பார்த்தாள். வாக்கரைத் தூக்கி மண்ணின் மேல் வைத்து அழுத்திப் பார்த்தாள். பிறகு வலது காலை ஏற்றினாள். இடது கால் மெல்லப் பின்னால் வந்தது. நான் எழுந்து கையை நீட்டுவதற்குள் மேலே நின்றாள்.

"ஏறறதுக்குப் பயமில்லீங்க. எறங்கறதுக்குத்தான்."

கொடிவரைக்கும் போனாள். நான் போட்டிருந்த சேலையை உருவி, கரையோடு கரை சேர்த்து, இழுத்து நேராக விரித்தாள். எனக்குக் கண் கலங்கியது. மூக்கைச் சிந்துவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அப்புறம்தான் அவள் வாசல் பக்கம் திரும்பினாள். முகம் மாறியது. வெளியே வர ஏற்றமாக இருந்தது, உள்ளே போக இறக்கம்.

"ஏனுங்க, இப்ப எப்பிடி உள்ள வாறது?"

தூக்குவதற்கு ஓடினேன். "தொடாதீங்க!" என்றாள். அப்படியோர் அதட்டலை நான் கேட்டு எட்டு மாதம் ஆகியிருந்தது. நாற்காலியைக் கொண்டுபோய்க் கொடிக்கு அடியில் போட்டேன், உட்கார்ந்தாள். மண்வெட்டியை எடுத்தேன். அவள் அங்கிருந்தபடியே சொல்லச் சொல்ல, அவள் நடக்கும் வழியை மட்டும் சீவினேன். வாசலில் மூன்று அங்குலம், அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கொடிக்குப் போகும்போது ஒன்றுமில்லை. சரிவென்றே கண்ணுக்குத் தெரியாது. டேப்பை நான் தொடவில்லை.

அவள் எழுந்து நடந்து வந்தாள். வாசற்படியருகே நின்று பாதத்தைப் பாதி மண்ணிலும் பாதி படியிலும் வைத்து முன்னும் பின்னும் நகர்த்தினாள். "இங்க இன்னும் கொஞ்சம்." சீவினேன். "இங்க." சீவினேன். "போதும்."

"மழைக்கு அமுங்குமே, ஒரு அரை அங்குலம் வேணா மேல..."

வாக்கரை ஓங்கினாள். நான் மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டேன்.

ஜோதி உள்ளே போனாள். அடுப்படிவரைக்கும் வாக்கர் சத்தம் கேட்டது. சரி, களைத்துவிட்டாள் என்று நினைத்து, சீவிப்போட்ட மண்ணை யார் தலையில் கட்டுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். சத்தம் திரும்பி வந்தது. வாசலுக்கு வந்தாள், நிற்கவில்லை, மறுபடி வெளியே வந்தாள்.