இரண்டு மாத ரப்பர்

லிஃப்ட்டில் தூக்கி நிறுத்தியிருந்த காருக்கு அடியில் நின்று, மெக்கானிக் கம்பியை நுழைத்து மெல்ல நெம்பினார். முன்சக்கரத்தைத் தாங்கும் ஆர்மின் முனையில், அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் புஷ் வாயைப் பிளந்தது. பாதி வட்டம் கிழிந்திருந்தது. போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. போட்டவரும் அவர்தான்.

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. வண்டியை இறக்கி, சக்கரம் தரையில் ஊன்றி, பாரம் ஏறின பிறகுதான் புஷ்ஷைப் பிடிக்கும் போல்ட்டுக்குக் கடைசி முறுக்கு கொடுக்க வேண்டும். புஷ் போட்ட அன்றைக்கு வாசலில் நான்கு வண்டிகள். "இன்னும் என்னத்தத் தடவிக்கிட்டு இருக்க? அடுத்தத ஏத்து" என்று முதலாளி கத்தினார். சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போதே மெக்கானிக் முறுக்கி அனுப்பிவிட்டார். தரையில் இறங்கிய நிமிடத்திலிருந்தே ரப்பர் திருகிக்கொண்டு ஓடியிருக்கிறது.

"பொருள் மட்டமா?" என்று கார்க்காரர் முதலாளியைக் கேட்டார்.

"நம்மகிட்ட ஏது சார் மட்டம்? பள்ளம் மேடு பாக்காம விட்டிருக்காங்க." முதலாளி, கார்க்காரரின் டிரைவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, கார் ஓட்டுனீங்களா, மாடு ஓட்டுனீங்களா?"

பட்டறை ஆட்கள் இரண்டு பேர் சிரித்தார்கள். டிரைவரும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"மெதுவாத்தான் சார் ஓட்டுவேன்..."

கார்க்காரர் மெக்கானிக்கிடம் வந்தார். "நீங்க சொல்லுங்க. ஓட்டுறதுல வர்ற கோளாறுதானே?"

போன மாதம் தன் தப்பை ஒப்புக்கொண்ட வெல்டர் இப்போது இந்தப் பட்டறையில் இல்லை. மெக்கானிக் அண்ணாந்த தலையை இறக்காமல் புஷ்ஷையே பார்த்தார்.

"அப்படியும் இருக்கலாம் சார்."

அதுவே போதுமாக இருந்தது. "நாளைலேர்ந்து வர வேணாம்" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கார்க்காரர் முதலாளியோடு கண்ணாடி அறைக்குள் போனார்.

டிரைவர் காருக்கு அடியில் வந்து நின்றார். மெக்கானிக்கைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

"தம்பி, இருபது வருஷமா ஓட்டுறேன். எங்க தப்பு பண்றேன்னு பிடிபடல. அடுத்த எடத்துலயும் இப்படி ஆயிடக் கூடாது பாருங்க. எப்படி ஓட்டணும்னு கொஞ்சம் சொல்லிக் குடுங்க."

போல்ட்டைப் பற்றிச் சொல்ல மெக்கானிக் வாயெடுத்தார். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து முதலாளி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேகத்தடைல... நேரா ஏத்துங்கண்ணே."

"ரெண்டு சக்கரமும் சேந்தாப்லயா?"

"ஆமாண்ணே."

"பள்ளத்துல?"

"எறங்குறதுக்கு முன்னாடியே பிரேக்க விட்ருங்க."

டிரைவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். தாள் எதுவும் அகப்படவில்லை. ஸ்பேனர் மேசையின் ஓரத்தில் இடது கையை விரித்து வைத்து, உள்ளங்கையில் ஒவ்வொரு சொல்லாக எழுதினார்.

"அப்புறம், தம்பி?" என்றார்.