தையலுக்கு விட்ட அளவு

கட்டிங் மாஸ்டருக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. கையில் கத்தரி இருந்தால் எப்பேர்ப்பட்ட துணியும் அவர் சொன்ன பேச்சைக் கேட்கும். இந்தக் கம்ப்யூட்டரோ அவர் எதைச் சொன்னாலும், முகத்தில் அடித்தாற்போல் சிவப்பு எழுத்தில் பதில் சொன்னது.

ஆசைப்பட்டு ஒன்றும் அவர் புரோகிராம் எழுதக் கற்றுக்கொள்ள வரவில்லை. அவர் வேலை பார்க்கும் ஆடைத் தொழிற்சாலைக்குத் துணி வெட்டும் மெஷின் வரப்போகிறது. மாலை வகுப்பில் தேறுகிறவர்கள் மெஷினில் உட்காரலாம், தேறாதவர்கள் பெட்டி கட்டும் பிரிவுக்குப் போக வேண்டியதுதான் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். பாதி ஆயுளை வெட்டு மேசைக்கு முன்னால் நின்றே கழித்த மனிதர், அட்டைப்பெட்டிக்கு டேப் ஒட்டிக்கொண்டிருப்பதா? ஆனால் மனைவியிடம், பெட்டி கட்டினால் என்ன, உட்கார்ந்து பார்க்கிற வேலைதானே என்று அலட்சியமாகச் சொல்லி வைத்திருந்தார்.

வகுப்பில் பக்கத்து நாற்காலியில் மைத்துனன். மனைவியின் தம்பி, அதே தொழிற்சாலையில் இஸ்திரி போடுகிறவன். அவனுக்கு எல்லாம் டக்கென்று பிடிபட்டது. 'வேரியபிள்' என்பது ஒரு டப்பா மாதிரி, அதில் எண்ணைப் போட்டு வைக்கலாம் என்று டீச்சர் சொன்னபோது, மாஸ்டருக்கு அதை எதைக் கொண்டு மூடுவது என்ற சந்தேகம் வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டும் விட்டார். வகுப்பு சிரித்ததில் பாதிச் சிரிப்பு மைத்துனனுடையது.

பரீட்சைக்கு முந்தைய வகுப்பில் ஒத்திகை வைத்தார்கள். புரோகிராம் எழுதி, மாதிரிச் சட்டை ஒன்றை அளந்து அளவுகளை மட்டும் அதற்குக் கொடுக்க வேண்டும். தையலுக்கு விடவேண்டிய துணியைப் புரோகிராமே கூட்டிக்கொண்டு, எவ்வளவு வெட்டுவது என்று சொல்லும். மைத்துனனுக்குச் சரியாக வந்தது. அதே சட்டையை அளந்த மாஸ்டருக்கு ஒவ்வொரு விடையும் கூடுதலாக வந்தது. டீச்சர் வரி வரியாகப் பார்த்துவிட்டு, எழுதியதில் பிழையே இல்லை என்றாள். பிழையில்லாத ஒன்று எப்படித் தப்பாகக் கணக்குப் போடும்?

"உங்களைப் பாத்தா கம்ப்யூட்டருக்கும் ஒரு மரியாதை மாமா, கொஞ்சம் சேத்தே குடுக்குது" என்றான் மைத்துனன். மாஸ்டருக்குச் சுருக்கென்றது.

வீட்டில் மனைவி ஜன்னலுக்குத் திரை தைக்க உட்கார்ந்திருந்தாள். ஜன்னலின் நீளத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னாள். அவர் அளவு டேப்பைப் பிடித்து எண்ணைச் சொன்னார். அவள் தலையைக்கூட நிமிர்த்தாமல் துணியில் மடிப்புக் கோட்டை அதைவிடக் குறைவாகக் குறித்தாள். தான் சொன்னது அதில்லையே என்றார்.

"நீங்க எப்பவும் தையலுக்கு விட்டுத்தானே சொல்வீங்க. நான் அதைக் கழிச்சுக்குவேன்."

மாஸ்டர் மறுபடி அளந்தார். டேப் ஒன்று காட்ட, வாய் வேறொன்று சொல்லியிருந்தது. வகுப்பிலும் இதே கூத்துதான் நடந்திருக்கிறது. அவர் கூட்டியே அடித்த எண்ணோடு, புரோகிராம் தன் பங்குக்கு இன்னொரு தடவை கூட்டியிருக்கிறது.

"எவ்வளவு நாளா கழிக்கிறே?"

"கல்யாணம் ஆனதிலேருந்து. அளவுல மட்டுமில்ல, நீங்க எது சொன்னாலும் கொஞ்சம் கழிச்சுத்தான் எடுத்துக்குவேன். பெட்டி கட்டுனா என்னன்னு சொன்னீங்களே, அதையும்தான்."

ஒரு குழப்பம் எழுந்து போன இடத்தில் இன்னொன்று வந்து உட்கார்ந்துகொண்டது.

பரீட்சையன்று டேப் காட்டிய எண்ணை அப்படியே அடித்தார். ஓரம் விடாமல் துணியில் கத்தரி வைத்தது போல இருந்தது. விடை சரியாக வந்தது. மைத்துனனோடு அவரும் தேறிவிட்டார். எந்த வரி என்ன செய்தது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார். நல்லவேளை, யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்ததும், என்ன ஆயிற்று என்று மனைவி கேட்டாள். இதெல்லாம் நமக்கு ஒரு விஷயமா என்ற பேச்சு நாக்கு நுனி வரை வந்தது. மாஸ்டர் அதை விழுங்கினார்.

"தேறிட்டேன். ஆனா ஒண்ணும் புரியல. இனி அந்த மெஷின் முன்னாடி உக்காரணும்னு நெனச்சா பயமா இருக்கு" என்றார். பிறகு, "இதுல எதையும் கழிச்சுடாதே" என்றார்.

அவள் தைப்பதை நிறுத்திவிட்டு, வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.