சிவப்புப் புள்ளி

பெரியவர் போன பிறகு மகனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஓர் ஆறுதல். வயதான காலத்தில் அவரை எங்கும் கூட்டிக்கொண்டு போகவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசவில்லை, எல்லாம் உண்மைதான். ஆனால் பாட்டுக்கு மட்டும் குறை வைக்கவில்லை. கடைசி நாள் வரை மனிதர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய நண்பர்கள் வீட்டுக்கு வந்து அவரைப் பற்றிப் பேசப் போகிறார்கள். மகனும் பேச வேண்டும். இதைத்தான் சொல்வதாக இருந்தான்.

பெரியவர் கப்பல் கப்பலாக ஏறி இயந்திரம் பழுது பார்த்தவர். எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் பழைய சாமான் கடை எங்கே என்றுதான் முதலில் விசாரிப்பார். சாவி தொலைந்த பூட்டு, மூக்கு உடைந்த ஜாடி என்று வீடு நிறைந்தது. சுவர் முழுக்கக் கடிகாரம், ஒன்றாவது ஓட வேண்டுமே! மணி என்ன என்று மருமகளைத்தான் கேட்பார். போதாததற்கு ஊருக்கு ஓர் இசைத்தட்டு வேறு. முழங்கால் மக்கர் பண்ணி வீட்டோடு முடங்கிய பிறகு அந்தத் தட்டுகள்தான் அவருக்குக் கப்பல். "அந்த மழை ஊருக்குப் போயிட்டு வரேம்மா" என்று மருமகளிடம் சொல்லிவிட்டு, தட்டு சுழலும் மரப்பெட்டியின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வார். பெட்டி அவரைவிட வயதில் மூத்தது. அதன் வார்னிஷ் மேல் யார் விரலும் படக்கூடாது. கைப்பிசுக்கு பட்டால் பழைய மெருகு செத்துவிடும் என்று பேரப்பிள்ளைகளை விரட்டுவார். அவரே துணி வைத்துத்தான் மூடியைத் திறப்பார்.

மகனுக்கு வேலை வீட்டிலேயே. ஒரு காப்பீட்டு நிறுவனத்துக்காக அடுத்த அறையில் உட்கார்ந்து, நாளெல்லாம் போனில் திட்டு வாங்குகிற வேலை. ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், என் கார் நொறுங்கிக் கிடக்கிறது, நீங்கள் அங்கே கச்சேரி கேட்கிறீர்களா என்று கத்தி, மேலதிகாரியிடமும் போட்டுக்கொடுத்துவிட்டார். மகன் விறுவிறுவென்று வந்து குமிழைத் திருகிச் சத்தத்தைக் குறைத்தான்.

"இதுக்கு மேல வேண்டாம்ப்பா. என் பொழப்பு போயிடும்."

பெரியவர் மருமகளிடம் நகப்பூச்சு வாங்கி, குமிழ் நின்ற இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைத்தார். பிறகு ஒருநாளும் அந்தச் சத்தம் சுவரைத் தாண்டவில்லை. இப்படி ஓர் அப்பா யாருக்குக் கிடைப்பார் என்று மகன் பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமையடித்துக்கொண்டான்.

சனிக்கிழமை, கூட்டத்துக்கு ஒரு பாட்டு எடுத்து வைக்கலாம் என்று பெட்டியைத் துடைக்கப் போனான். மூடியின் வலது ஓரத்தில் ஓரிடம் மட்டும் துடைக்கத் துடைக்க மங்கலாகவே இருந்தது. வார்னிஷ் தேய்ந்து வெளுத்திருந்தது, ஓர் உள்ளங்கை அகலத்துக்கு. பிள்ளைகள் பார்த்த வேலை என்று பல்லைக் கடித்தான். ஆனால் பிள்ளைகளின் கை அவ்வளவு பெரிதில்லை.

தட்டைச் சுழல விட்டான். பாட்டு வரவில்லை. ஊசி போய்விட்டதோ என்று குனிந்தபோதுதான் கேட்டது, எங்கோ நாலு தெரு தள்ளிப் பாடுவது போல. குமிழ் புள்ளியில்தான் நின்றிருந்தது. நல்ல காது உள்ளவனுக்கே இவ்வளவுதான்.

அப்பாவுக்குக் காது மந்தம் என்பது வீட்டில் யாருக்குத் தெரியாது? கருவி வாங்கிக் கொடுத்தார்கள். அதில் பாட்டு தகர டப்பாவைத் தட்டுவது போல இருக்கிறது என்று கழற்றிப் போட்டுவிட்டார். அவரைச் சாப்பிடக் கூப்பிட வாசலில் நின்று கத்த வேண்டும். கத்துகிறவன் மகன்தான். அதே வாய்தான் பாட்டைக் குறைக்கவும் சொன்னது. இரண்டையும் ஒரு தடவையாவது சேர்த்து யோசித்திருக்கலாம், பாவி மனிதன்.

கையைத் தேய்ந்த இடத்தில் வைத்தான். கச்சிதமாகப் பொருந்தியது. முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மரத்துக்குள்ளிருந்து மெல்லிய அதிர்வு விரல் நுனிக்கு வந்தது. ஒருவரையும் தொட விடாத பெட்டியை அவரே நாள் தவறாமல் தொட்டுத் தேய்த்திருக்கிறார். போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு, எங்கும் போக முடியாமல் இங்கேயே உட்கார்ந்திருந்திருக்கிறார்.

மகன் குமிழைப் புள்ளி தாண்டித் திருகினான். ஜன்னல் கண்ணாடி அதிரும் வரை திருகினான். சமையலறையிலிருந்து மனைவி பதறி ஓடிவந்தாள். கையிலிருந்த போனை நீட்டினாள். வெளியூரிலிருக்கும் அவனுடைய அக்கா.

"அப்பா பெட்டிதானேடா? இங்க வரைக்கும் கேக்குது" என்றாள் அக்கா. "பாவம், அவர் காதுக்கு இவ்வளவு சத்தம் வெச்சாத்தானே கேட்டிருக்கும். வேலைக்கு நடுவுல நீயும் பொறுத்துக்கிட்டியே. நாளைக்கு அதைச் சொல்லுடா."

மகன் போனைப் பெட்டிக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு குமிழைப் பழையபடி புள்ளிக்குக் கொண்டுவந்தான்.

"என்னடா, நிறுத்திட்டியா?"

"நிறுத்தலக்கா. நான் அவருக்கு வெச்சது இவ்வளவுதான்."