ஒப்புக்கொடுக்கும் படிவம்

2025, மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஆறு மணி பத்து நிமிடம். விடியும்வரை பெய்த மழை தூறலாகக் குறைந்திருந்தது. காற்று மட்டும் மருத்துவமனையின் பின்வாசல் தகரக் கூரையைச் சீரற்ற இடைவெளிகளில் தட்டிக்கொண்டிருந்தது. கருவிச் சுத்திகரிப்புப் பிரிவின் பொறுப்பாளரான அவள், ஈரக் குடையை வாளிக்குள் நிறுத்திவிட்டுக் கைப்பையைத் திறந்து, உள்ளே இருந்த இரண்டு உறைகளும் நனையவில்லை என்பதை உறுதிசெய்துகொண்டாள். ஒன்றில் கண்காணிப்பாளருக்கு எழுதிய ராஜினாமாக் கடிதம் இருந்தது; மற்றொன்றில் சபையின் படிவம். இரண்டிலும் கையெழுத்துப் போட்டாயிற்று. கொடுப்பதுதான் பாக்கி.

அந்த அடித்தள அறையில் அவளுக்கு இது பத்தொன்பதாம் ஆண்டு. அறுவை அரங்கிலிருந்து கறையோடு இறங்கிவரும் கத்தரிகளும் இடுக்கிகளும் இங்கே கழுவப்படும். எண்ணித் தட்டுகளில் அடுக்கப்படும். இரட்டைத் துணியில் பொதியப்பட்டு நீராவி இயந்திரத்துக்குள் போகும். பொதியின்மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் வெளிர்க்கோடுகள் உண்டு. போதிய வெப்பம் பட்டால் அவை கறுக்கும். கோடு கறுத்து, சீட்டில் அவளுடைய கையெழுத்தும் விழுந்தால்தான் பொதி மேலே போகும். கீல் இடுக்கில் கடுகளவு கறை தெரிந்தாலும் தட்டு முழுவதையும் திருப்பி அனுப்பிவிடுவாள். இதனால் அவளை விரும்பாதவர்கள் இருந்தார்கள், நம்பாதவர்கள் இல்லை.

"அக்கா, இன்னிக்கு உங்க முகம் ஏன் கழுவாத டிரே மாதிரி இருக்கு?" என்றாள் பொதி கட்டுபவள். ஓயாமல் பேசுவதால் அவளுக்கு வானொலி என்று பெயர்.

"வாயை மூடிட்டு எண்ணு."

"வாயை மூடிட்டு எப்படிக்கா எண்ணுறது? எனக்கு வாய்விட்டு எண்ணித்தான் பழக்கம்." இரண்டு இடுக்கிகளை எண்ணிவிட்டு நிறுத்தினாள். "வேலையை விடப் போறீங்களாமே? நிஜமா?"

"யார் சொன்னது?"

"யாரும் சொல்லலை. அலமாரி சாவிக்கெல்லாம் நேத்து பேர் எழுதி ஒட்டினீங்களே. இருக்கப்போற ஆளு அதெல்லாம் செய்ய மாட்டாங்க."

மறைக்க வேண்டிய செய்தி அல்ல. "ஜெபத்துக்குப் போறேன். சபையில முழுநேரமா கேட்டிருக்காங்க."

"அதை இங்கேயே பண்ணக்கூடாதா?"

"நீ விடுவியா?"

வானொலி அதற்குச் சிரிக்கவில்லை. "எனக்கு எண்ணத் தெரியாதுக்கா. நீங்க பக்கத்துல நிக்கிறதாலதான் சரியா வருது" என்று சொல்லிவிட்டு, அன்று காலை முழுவதும் அவள் பேசவே இல்லை.

இருபது வயதில் ஜெபம் அவளுக்குப் பசியைப் போல் வந்தது. அழைக்காமலே வரும், தீர்த்தாலும் திரும்பும். இப்போது நாற்பத்து மூன்று. திருமணம், இரண்டு பிள்ளைகள், ஷிப்டு, மூன்று ஆண்டுகளாகப் பக்கவாதத்தில் படுத்திருக்கும் மாமனார் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்ததில், அந்தப் பசி எந்த நாளில் நின்றது என்று அவளால் சொல்ல முடியவில்லை. எதையும் தேதி போட்டு வைப்பவளுக்கு இது உறுத்தியது. முழங்காலிட்டால் தூக்கம் வந்தது. ஓர் உபவாசக் கூட்டத்தில், எல்லாரும் கண்மூடியிருந்தபோது குறட்டை விட்டாள். பக்கத்திலிருந்தவர்கள் அதை உள்ளம் உடைந்த விம்மல் என்று எடுத்துக்கொண்டது அவளுக்குக் கிடைத்த ஒரே அனுகூலம். வாஞ்சை போய்விட்டது. வாஞ்சை வேண்டும் என்ற விருப்பம் மட்டும் மிஞ்சியிருந்தது. இன்னும் சில ஆண்டுகள் இப்படியே போனால் அதுவும் மிஞ்சாது என்று அவள் பயந்தாள். வேறு எதற்கும் அவள் அப்படிப் பயந்ததில்லை.

பிப்ரவரியில் ஒரு நாள், மாமனாரின் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டே, "எனக்கு ஒரு வழி காட்டும் ஆண்டவரே" என்றாள். அந்த ஞாயிறு அவளுக்கு வேலை நாள்; கணவர் தம் தகப்பனாரோடு வீட்டில். ஆராதனைக்குப் போனவர்கள் யாரோ கதவிடுக்கில் ஒரு தாளைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். செருப்பைக்கூடக் கழற்றாமல் படித்தாள்.

"தேவனோடு தனித்திருக்கும் வாஞ்சையினால், என் வேலையை அவருக்கு ஒப்புக்கொடுக்கத் தீர்மானித்திருக்கிறேன். என் வேலை: ............ முதல் ............ வரை."

கீழே கையொப்பத்துக்கு ஒரு கோடு. கேட்டதற்குப் பதில் வந்துவிட்டது என்றே எண்ணினாள். ஒரு வாரம் யோசித்தாள். கணவரிடம் சொன்னாள். அவர் "உன் இஷ்டம்" என்றார். பிறகு கோடிட்ட இடங்களை நிரப்பினாள்: 2006 முதல் 2025 வரை.

அன்று இரண்டு மணிக்கு ஷிப்டு முடிந்தது. மேல்மாடிக்குப் போனபோது கண்காணிப்பாளரின் அறை பூட்டியிருந்தது. கூட்டத்துக்குப் போயிருக்கிறார், நாளைதான் வருவார் என்றார்கள். சரி, முதலில் படிவத்தையாவது கொடுத்துவிடுவோம் என்று சபைக்கு நடந்தாள்.

சபை ஒரு டயர் கடையின் மேல்மாடியில் இருந்தது. அடுக்கிவைத்த நாற்காலிகளுக்கு நடுவே, ஸ்டூலில் ஏறி நின்று போதகர் டியூப்லைட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க சிஸ்டர். இந்த ஸ்டூலைக் கொஞ்சம் பிடிச்சுக்குங்க. விழுந்தா உங்க ஆஸ்பத்திரிக்குத்தான் வரணும்."

பிடித்துக்கொண்டாள். விளக்கு எரிந்தது. இறங்கி வந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கிப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அடடா! இருபது மணி ஆறு நிமிஷம் முதல் இருபது மணி இருபத்தஞ்சு நிமிஷம் வரை. எல்லாரும் எட்டு மணி, எட்டேகால்னு எழுதுறாங்க. உங்க கணக்கே தனி. ஆஸ்பத்திரிக்காரங்கன்னா இப்படித்தான் இருக்கணும்."

"அது மணி இல்லை பாஸ்டர். வருஷம்."

"என்ன வருஷம்?"

"நான் வேலைக்குச் சேர்ந்த வருஷம். விடுற வருஷம். நாளைக்கு ராஜினாமா கொடுத்துட்டு, ஏப்ரல்லேர்ந்து வந்துடுறேன்."

"எங்கே வரீங்க?"

"இங்கேதான். ஜெப வேலைக்கு."

போதகர் படிவத்தை மறுபடியும் படித்தார். மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தார். "சிஸ்டர், நான் கேட்டது வேலை இல்லை. வேலை."

அவள் புரியாமல் பார்த்தாள். அவர் இரண்டு சொற்களையும் ஒரே மாதிரிதான் உச்சரித்தார். அவருடைய நாவுக்கு ளகரம் வராது. இருபது ஆண்டுப் பிரசங்கத்தில் சபை அதற்குப் பழகிவிட்டிருந்தது. ஆனால் எழுத்திலும் வராது என்பது இன்றுதான் தெரிந்தது.

"இந்த லா இல்லை. பல்லிக்கூடத்துல வருமே, அந்த லா." அதுவும் உதவாது என்று அவருக்கே தெரிந்ததால், தூசி படிந்த நாற்காலி முதுகில் விரலால் எழுதிக் காட்டினார்: வேளை. "ஆளுக்குப் பதினஞ்சு நிமிஷம், அவங்கவங்க வீட்டுலயே ஜெபம். எந்த நேரம்னு நீங்களே குறிச்சுக் கொடுக்கணும். அவ்வளவுதான். எழுபது பேருக்கு அச்சடிச்சேன், யாரும் தப்பா எடுத்துக்கலை. அன்னிக்கு மேடையிலயும் விளக்கமா சொன்னேனே."

"அன்னிக்கு எனக்கு டூட்டி."

டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமி அடங்கியது. அவளுக்கு முதலில் வெட்கமாக இருந்தது. பிறகு அது ஒருவகைக் கோபமாக மாறியது.

"பதினஞ்சு நிமிஷந்தானா? அது என்கிட்ட இல்லை பாஸ்டர். இருந்தா உங்க தாளு எதுக்கு? வேலையைக்கூட விட்டுடுவேன். பதினஞ்சு நிமிஷம் விட முடியாது."

சொன்னபின், தான் சொன்னது என்னவென்று அவளுக்கே கேட்டது. போதகர் காதிலும் அது விழுந்தது, ஆனால் அவர் அதைப் பிடித்துக்கொள்ளவில்லை.

"உண்மையைச் சொல்றேன். முழுநேரமா ஒரு ஆள் கிடைச்சா சபைக்கு நல்லது. உங்களை மாதிரி ஆள் கிடைக்கிறது கஷ்டம். இந்தப் பிழையை அப்படியே விட்டுடலாமான்னுகூட ஒரு நிமிஷம் தோணுச்சு. ஆண்டவர் மன்னிக்கட்டும்."

"அப்போ நான் முழுநேரமாவே வந்துடட்டுமா?"

"அதுக்கு முன்னாடி இன்னொரு உண்மையும் கேளுங்க. நான் முழுநேர ஆள்தானே? போன வாரம் ஒழுகுற கூரை, ரெண்டு வீட்டுச் சண்டை, ஒரு அடக்கம், அப்புறம் இந்த விளக்கு. மனசாரத் தனியா ஜெபிச்சது, குழாய் ரிப்பேர்காரர் வர்ற வரைக்கும் மாடிப்படியில உட்கார்ந்திருந்த அரைமணி நேரந்தான். அவர் சீக்கிரம் வந்துட்டாரேன்னு வருத்தமாயிருந்துச்சு." தலையைச் சொறிந்தார். "போங்கன்னும் சொல்ல மாட்டேன், வாங்கன்னும் சொல்ல மாட்டேன். ஆறு மணிக்குத் தாளையெல்லாம் சேர்த்துப் பட்டியல் போடுறேன். எதை எழுதினாலும் வாங்கிக்கிறேன்."

வீட்டுக்கு நடக்கும் வழியில் அவள் தன் நாளைப் பிரித்துப் பார்த்தாள். கருவித் தட்டைப் பிரிப்பதுபோல, ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்து. காலை நாலரைக்கு எழுவது, சமைப்பது, ஐந்து மணிக்கு மாமனாருக்கு உடம்பு துடைத்து விரிப்பு மாற்றுவது, ஐந்தே முக்காலுக்குக் கிளம்புவது. எங்கும் சந்து இல்லை. ஆனால் இப்படிப் பார்த்ததில் வேறொன்று தெரிந்தது. இவற்றில் எதையும் வேறு யாரும் செய்ததில்லை. செய்ய அவள் விட்டதில்லை. ஒருமுறை கணவர் விரிப்பை மாற்ற முயன்றபோது, மூலையில் சுருக்கம் விழுகிறது என்று அவர் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறாள். வேலையை விடுவதென்றால் யாரிடமும் எதையும் கேட்க வேண்டியதில்லை. கடிதம் எழுதினால் போதும். பதினைந்து நிமிடத்துக்கு ஒருவரிடம் கேட்க வேண்டும்.

லிப்ட் மெக்கானிக்கான கணவர், மாலை ஷிப்டுக்குக் கிளம்பத் தயாராக, தகப்பனாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார்.

"கொடுத்துட்டியா?"

"இல்லை. அது வேலை இல்லையாம். வேளையாம்." அவளுடைய நாவு ளகரத்தைச் சரியாகவே சொல்லும். நடந்ததைச் சொன்னாள்.

அவர் கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தார். சிரிப்பார் என்று எதிர்பார்த்தாள். "உன் சம்பளம் நின்னுடுமேன்னு நான் டபுள் ஷிப்டு கேட்டு எழுதிக் கொடுத்துட்டேனே" என்றார்.

"எப்போ?"

"நீ சொன்ன மறுநாளே."

"என்கிட்ட ஏன் சொல்லலை? உன் இஷ்டம்னு மட்டும் சொன்னீங்க."

"ஆண்டவருக்குன்னு சொல்றே. நான் நடுவுல நின்னு என்னத்தச் சொல்ல?"

ஒப்புக்கொடுத்தது தன்னுடையதை என்று அவள் நினைத்திருந்தாள். அதில் பாதி இவருடைய தூக்கம். அதை இவரைக் கேட்காமலே எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறாள். அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"ஒண்ணு கேட்கணுங்க. காலையில அஞ்சு மணிக்கு மாமாவை நீங்க பார்த்துக்கிறீங்களா? துடைச்சு, விரிப்பு மாத்தி. பதினஞ்சு நிமிஷம்."

"அஞ்சு மணிக்கா? நான் வந்து படுக்கவே பதினொண்ணரை ஆகுது. ஆறு மணிக்குப் பண்ணா ஆகாதா?"

"அதுவரைக்கும் ஈரத்துல கிடப்பாரா?"

அவர் யோசித்தார். எளிதாக ஒப்புக்கொள்ளவில்லை, அது அவளுக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது. "டபுள் ஷிப்டை வாபஸ் வாங்கிட்டா முடியும். ஆனா நீ வந்து நின்னு பார்க்கக் கூடாது. சுருக்கம் விழுந்தாலும் விழும்."

"சுருக்கம் விழுந்தா புண்ணாயிடுமே" என்று வாய்வரை வந்தது. "இழுத்து உள்ளே செருகணும். ஒரு தடவை சொல்லித் தரேன். அப்புறம் பார்க்க மாட்டேன்" என்றாள்.

படுத்திருந்தவர் வாயைக் கோணலாக அசைத்தார். மூன்று ஆண்டுப் பழக்கத்தில் இருவருக்கும் அந்தப் பேச்சு புரியும். "அவன் கை... ஐஸ் மாதிரி இருக்குமேம்மா."

"வெந்நீர்ல கையை வெச்சுட்டு வரேன்ப்பா. போதுமா? பெத்த பிள்ளைன்னு கொஞ்சம் அனுசரிச்சுக்குங்க."

கிழவரின் தொண்டையிலிருந்து எழுந்தது சிரிப்புதான் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை.

கணவர் வேலைக்குப் போனார். பிள்ளைகள் பள்ளியிலிருந்து வந்ததும், தாத்தாவின் பக்கத்தில் மூத்தவளை உட்காரவைத்துவிட்டு, அவள் மேசையில் படிவத்தை விரித்தாள். ராஜினாமாக் கடிதத்தை எடுத்துப் பார்த்தாள், பிழையில்லாத கடிதம். அதைத் தாளின் மடிப்பு வழியே நான்காகக் கிழித்தாள். வாஞ்சை திரும்பிவிட்டதா என்று தனக்குள் பார்த்தாள். திரும்பவில்லை. நாளைக் காலை ஐந்து மணிக்கு உட்காரும்போதும் தூக்கம்தான் வரக்கூடும். மறுநாளும் அப்படியே ஆகலாம். ஆனாலும் அந்த இடத்தில் வேறு எதுவும் வந்து உட்காராது. அதற்காக ஒருவர் வெந்நீரில் கைவைத்துக் காத்துக்கொடுப்பார். அவர் கொடுப்பதையும் சேர்த்துத்தான் இனி அவள் ஏந்திப் போக வேண்டும். ஆண்டவர் அதைக் குறைவாக எண்ண மாட்டார் என்று, வெகு நாள்களுக்குப் பின், அவள் நம்பினாள்.

மருத்துவமனைப் பதிவேட்டில் பிழையை அழிக்கக் கூடாது. ஒற்றைக் கோடிட்டு அடித்து, சரியானதை மேலே எழுதி, சுருக்கொப்பம் இட வேண்டும். அப்படியே செய்தாள். "வேலை" இரண்டிடத்தில் அடிபட்டு "வேளை" ஆனது. ஆண்டுகள் இரண்டையும் அடித்து, மேலே எழுதினாள்: காலை 5.00 முதல் 5.15 வரை. மொத்தம் நான்கு திருத்தம், நான்கு சுருக்கொப்பம். அடியில் புதிதாக ஒரு கையெழுத்தும் தேதியும்.

ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது மாடிப்படி ஏறினாள். போதகர் மேசையில் தாள்களை நேர வரிசையில் அடுக்கிக்கொண்டிருந்தார். அவளுடையதை வாங்கி, திருத்தங்களை ஒவ்வொன்றாகப் படித்தார்.

"அஞ்சு மணிக்கு யாருமே எழுதலை சிஸ்டர். தனியாத்தான் இருப்பீங்க."

"வீட்டுக்காரரும் முழிச்சிருப்பார், பாஸ்டர்" என்றாள்.

அவர் தாளை அடுக்கின் மேலே முதலாவதாக வைத்தார்.