அறுபடாத எலுமிச்சை

பங்குனி பிறந்தது; மண்ணில் ஈரம் இல்லை. வானம் வெண்கலத் தட்டெனக் காய்ந்து கிடந்தது; ஆலையில் அரைத்துக் கொட்டிய கல்மாவு காற்றில் எழுந்து, சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துக் குடிசைகளின்மேல் திருநீறெனப் படிந்தது. கொள்ளைநோய்க்கு அஞ்சிப் பங்காருபேட்டைச் சந்தையை அடைத்து மூன்று திங்களாயிற்று. கீரை இல்லை, காய் இல்லை, கனி இல்லை. அரிதாய்க் கிடைத்த முருங்கையிலையும் குழந்தைகளின் கலத்துக்கே போயிற்று. பெரியவர்கள் உப்புக் கஞ்சியால் உயிர் தரித்தனர்.

சம்பங்கியின் கணவன் தாமோதரனுக்கு ஈறு வீங்கிக் குருதி கசிந்தது. ஆறிய பழம்புண்கள் மீண்டும் வாய் திறந்தன.

"மருந்து எங்கிட்ட இல்லம்மா. எலுமிச்சம்பழம் குடு, கீரை குடு. இல்லன்னா பத்து நாள் தாங்கமாட்டான்" என்று கம்பவுண்டர் கொர்னேலியஸ் கையை விரித்தார்.

அவள் அறிந்தவரையில் அங்கே எஞ்சியிருந்தது ஒரே பழம். வெள்ளிதோறும் காலை ஷிப்ட் இறங்குமுன் சுரங்க வாயில் எலுமிச்சை அறுத்து, குங்குமம் தடவி, இருபுறமும் எறிவார்கள். அதன்றி எவரும், கயிற்றில் தொங்கி ஆளிறக்கும் கூண்டில் கால் வையார். மேஸ்திரி காத்தவராயன் எங்கிருந்தோ வாரம் ஒன்றாய் அதை வரவழைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளி விடிந்ததும் சம்பங்கி கூண்டுக்கு முன்னே போய் நின்றாள். மேஸ்திரியின் இடக்கையில் பழம், வலக்கையில் கத்தி.

"அண்ணா, அதை எனக்குக் குடுத்துடுங்க. அவரு சாவக் கெடக்கறாரு."

"இன்னாம்மா பேசற? இருபது பேர் எறங்கறாங்க. கயிறு அறுந்தா நீயா பதில் சொல்லுவே?"

"ஊறுகா போடப் போறா போல கீது!" என்றான் ஒருவன். சிலர் சிரித்தனர்.

"மண்ணுல எறியற பழந்தானே அண்ணா!"

"வாயக் கழுவு! அது ஆத்தாளுக்கு உள்ளது."

சங்கு ஊதியது. வெள்ளைக்காரத் துரை கடிகாரத்தைப் பார்த்தார். கத்தி பழத்தைத் தொட்டது.

"நிறுத்துங்க மேஸ்திரி."

முன்வரிசையில் நின்ற கோவிந்தன் காறித் தரையில் உமிழ்ந்தான். செந்நீர்.

"எனக்கும் அதே நோவுதான். வேலை போயிடும்னு வாய மூடிக்கினு கீறேன். நானாவது நடமாடறேன், அவன் படுத்துட்டான். நாளைக்கு எம் பொஞ்சாதி வந்து நின்னா, அவளையும் தொரத்துவீங்களா?"

இப்போது எவரும் சிரிக்கவில்லை. இன்னொருவன் உமிழ்ந்தான், அதுவும் சிவந்திருந்தது. காத்தவராயன் தம் நாவால் ஈறுகளைத் தடவிப் பார்த்தார். பின் கத்தியை இடுப்பில் செருகினார்.

"புடிம்மா. ஒரு சொட்டு வீணாவக் கூடாது."

கோவிந்தன் முதலில் கூண்டில் ஏறினான். மற்றவர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தனர், பிறகு ஏறினர். கயிறு நடுங்கியபடி இருளுக்குள் ஓடிற்று. சேமமாய்ச் சேர்ந்ததைச் சொல்லும் மணி அடியிலிருந்து ஒலிக்கும்வரை சம்பங்கி இமைக்கவில்லை.

மணி ஒலித்தது. அவள் தன் நெற்றிக் குங்குமத்தை விரலால் ஒற்றி, சுரங்க வாயின் கல்லில் இட்டு, தலை நிலம் தோய வணங்கினாள்.

"எறங்குனவங்க அத்தனை பேரும் ஏறி வரணும், தாயே. அவங்க வூட்டுச் சட்டியெல்லாம் கீரை மணக்கணும். நல்லா இருங்கப்பா, நூறு வயசு நல்லா இருங்க."