ஏழு பேர், நூற்றெண்பத்திரண்டு கிலோ

இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒன்று பொய்யானாலும் சொல்கிற நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு, மிச்சக் கதை ஊமைச் சாடையில் போகட்டும்.

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு ஒன்பது வயது. வீட்டில் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். தொட்டிலில் கிடக்கும்போதே கொக்கி தளர்ந்திருப்பதைக் கைநீட்டிக் காட்டி அழுதவள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா அவளை ரகசியமாக வேலைக்குக் கூட்டிப்போவார். கம்பெனிக்குத் தெரிந்தால் அவர் சீட்டு கிழிந்துவிடும். "அம்மாகிட்டகூட மூச்சு விடக்கூடாது" என்பார். அவளும் விட்டதில்லை.

லிஃப்ட்டைச் சோதிக்க அப்பா அதில் இரும்புக் கட்டிகளை அடுக்கி, மேலிருந்து வேகமாக இறக்கி, பிரேக் கவ்விப் பிடிக்கிறதா என்று பார்ப்பார். பள்ளிக்கூட லிஃப்ட் கொஞ்ச நாளாக முனகிக்கொண்டிருந்தது. ஆகவே திருகாணி நோட்டில் எழுதினாள்: 'ஏழு பேர். நூற்றெண்பத்திரண்டு கிலோ. மூன்றாம் மாடியிலிருந்து விட வேண்டும். விழுகிறார்களா என்று பார்க்க வேண்டும்.' இரும்புக் கட்டிக்கு எங்கே போவாள்? வகுப்புப் பிள்ளைகளின் பெயரையும் எடையையும் போட்டிருந்தாள். முதல் பெயர் அவளுடையது.

நோட்டு கையில் சிக்கியதும் தலைமையாசிரியை இரண்டாவது பெயரிலிருந்து வாசித்தார். அவர் 'உஷ்' என்றால் மின்விசிறியே மெதுவாகும்.

"எங்கப்பா வந்து சொல்லுவாரு மிஸ், அவருக்குத் தெரியும்" என்று திருகாணி பதினேழு தடவை சொல்லிவிட்டாள். அப்பா வந்தார். கருவிப் பையை வெளியே உட்கார்ந்திருந்த அவள் மடியில் வைத்துவிட்டு, மூன்றாம் மாடியிலிருந்த தலைமையாசிரியையின் அறைக்குள் போனார். கதவு ஒருக்களித்திருந்தது.

"என்னங்க இது? ஏழு குழந்தைங்களைத் தள்ளிவிடத் திட்டமா?"

அப்பா நோட்டைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. காது சிவந்ததிலேயே திருகாணி கண்டுகொண்டாள்.

"யாரு சொல்லிக்குடுத்தது?"

"தெரியலையே மேடம். டிவியில பார்த்திருப்பா."

"வீட்டுலயும் முரடுதானா?"

அப்பா தொண்டையைச் செருமினார். "கொஞ்சம் முரடுதான்."

ஒரு தாள் நீண்டது. இந்தப் பிள்ளையால் மற்றவர்களுக்கு ஆபத்து வரலாம், பரீட்சை முடியும்வரை தனியறையில் உட்கார வைக்கச் சம்மதம். அப்பா அதில் கையெழுத்துப் போட்டார். வழக்கமாகக் கிறுக்குகிறவர், அன்றைக்குப் பார்த்துத் தெளிவாகப் போட்டார்.

தனியறை கீழே இருந்தது. அதைக் காட்ட அவரை லிஃப்ட்டில் ஏற்றிக்கொண்ட தலைமையாசிரியை, "நீ படியில வா" என்றார். அப்பா அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார்.

அவள் இரண்டாம் மாடிக்கு இறங்குவதற்குள் லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நடுவில் நின்றது.

"ஐயோ, விழப்போகுது!"

"விழாது மிஸ்" என்றாள் மூடிய கதவைப் பார்த்து. "பிரேக் கவ்விடுச்சு."

"திருகாணி! பையில முக்கோணச் சாவி இருக்கும்மா. கதவு மேல துவாரம் இருக்கு பாரு. உனக்குத்தான் தெரியுமே!"

உள்ளே இருந்து தலைமையாசிரியையின் குரல்: "அவளுக்கு எப்படிங்க தெரியும்?"

சாவி திருகாணியின் கையில் இருந்தது. அவள் காதைக் கதவில் வைத்தாள். இப்போதாவது சொல்வார்.

"சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன் மேடம்."

அவள் சாவியைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தாள். "எனக்கு எப்படி சார் தெரியும்? நம்ம டிவிதான் ரிப்பேராச்சே."

"சாரா? நான் உங்கப்பாடி!"

"முரட்டுப் பிள்ளை கையில சாவி இருக்கறது ஆபத்து சார். நீங்கதானே கையெழுத்துப் போட்டீங்க."

கம்பெனி ஆள் வந்து சேர நான்கு மணி நேரம் ஆனது. அதற்குள் உள்ளே தலைமையாசிரியை கையிலிருந்த இரண்டு வகுப்புப் பரீட்சைத் தாள்களைத் திருத்தி முடித்தார், எல்லோரும் ஃபெயில். மூன்றாவது மணி நேரத்தில் அப்பாவின் குரல் தணிந்து வந்தது.

"சொல்லிடறேன்மா. ஞாயித்துக்கிழமை, இரும்புக் கட்டி, எல்லாத்தையும் சொல்லிடறேன்."

திருகாணி படியில் உட்கார்ந்திருந்தாள். பை மடியிலேயே இருந்தது.

"இப்ப சொன்னா அது சாவிக்காகச் சொல்றது சார்."

அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது. தரைத்தளம் மட்டும்தான், மாடியே கிடையாது.